நீ கேட்ட கடையாணி

போன இடத்திலும் எனக்கு மூத்தவனாகவே இருக்கிற என் ஏழுமலை அண்ணனுக்கு,

உன் தங்கச்சி தேவகி எழுதுகிறேன். நீ போய் நாலு மாசம் ஆகிறது. இந்த நாலு மாசத்தில் உன்னைப் பற்றி ஊரில் நிறையப் பேசிவிட்டார்கள். நல்லதாகவும் பேசினார்கள், கெட்டதாகவும் பேசினார்கள். இரண்டையும் ஒரே ஆட்கள் பேசினார்கள், அதுதான் எனக்குக் குமட்டுகிறது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று நானே உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் செய்ததையும் சேர்த்துத்தான்.

முதலில் பேனரைப் பற்றிச் சொல்கிறேன். நீ இறந்த மூன்றாம் நாளே கூட்டு ரோட்டில் வைத்துவிட்டார்கள். உன் லைசென்ஸ் போட்டோவை எடுத்து, முகத்தை வெள்ளையாக்கி, கழுத்துக்குக் கீழே யாரோ ஒருவனுடைய கோட்டை ஒட்டியிருந்தார்கள். நீ என்றைக்கு கோட்டு போட்டாய்? பின்னால் ராஜகிரி மலையும் அதற்கு மேலே புறாக்களும். உன் படத்தைவிட நம் மில் முதலாளியின் படம் பெரிது. கைகூப்பிக்கொண்டு நின்றார். கீழே அவர் மகன், நாமெல்லாம் சின்னவர் என்று கூப்பிடுகிறோமே, அவர். நடுவில் கொட்டை எழுத்தில், ‘எங்கள் ஆலையின் அச்சாணியே, எங்களைத் தவிக்க விட்டுச் சென்றாயே’.

நான் அதைப் பார்த்து அழுதேன் அண்ணா. நம் வீட்டு ஆளுக்கு ரோட்டில் பேனரா என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. போன் எடுத்து போட்டோ பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தேன். இப்போது அதை நினைத்தால் என் கையை நானே கழுவிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. தொண்டூர்ப் பக்கம் களத்தில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு மில்லுக்கு வந்துகொண்டிருந்தாய். ஏரிக்கரை இறக்கத்தில் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கியிருக்கிறாய். டிராக்டருக்கும் டிரைலருக்கும் நடுவே குனிந்து பார்த்திருக்கிறாய். அந்த நேரத்தில், இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்த இரும்பு முளை மேலே எழும்பி வெளியே வந்துவிட்டது. அவ்வளவு மூட்டையோடு டிரைலர் முன்னால் உருண்டு வந்து உன்னை டிராக்டரோடு வைத்து நசுக்கிவிட்டது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா பார்த்திருக்கிறாள். “ஏதோ சத்தம் கேக்குதுன்னுதான்மா நிறுத்தி எறங்குனாரு. நல்லா பாத்தேன் நானு” என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

எனக்கு மில் ஆபீசுக்கு போன் வந்தது. எடை பில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே எழுந்து பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். உன்னை அதற்குள் துணி போட்டு மூடியிருந்தார்கள். அண்ணி தரையில் கிடந்தாள். உன் ஆதார் ஜெராக்ஸ் வேண்டும் என்று கேட்டார்கள். அது மில் ஆபீஸில், உன் லைசென்ஸ் காப்பியோடு பைலில் இருந்தது. யாரோ ஒருவருடைய ஸ்கூட்டியில் ஏறி மறுபடி மில்லுக்கு வந்தேன்.

மில் வாசலில் உன் டிராக்டர் நின்றது. ரோட்டை அடைத்துக்கொண்டு இருக்கிறது என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்களாம். மெக்கானிக் டிரைலருக்கு அடியில் உட்கார்ந்து எதையோ சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்னவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கிட்டே போனேன். முளை புதுசு. முளை கழன்று வராமல் அதன் நுனியில் மாட்டுகிற கிளிப்பும் புதுசு. மஞ்சள் மினுமினுப்பு போகாமல், எண்ணெய் பிசுக்கு கூட ஒட்டாமல் பளபளவென்று இருந்தது.

நீ ஒரு மாசமாகக் கேட்ட சாமான் அண்ணா. வண்டியை அரை நாள் நிறுத்த வேண்டும், அறுப்பு சீசனில் முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களே, அந்தச் சாமான். நீ செத்த ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. மாட்டியும் முடித்துவிட்டார்கள்.

அந்த இடத்திலேயே வாந்தி எடுத்தேன். அதிர்ச்சி என்று நினைத்து சின்னவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் போலீஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போனது. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்தார். முளையும் சரியாக இருந்தது, கிளிப்பும் சரியாக இருந்தது. பிறகு என்ன? முதலாளி தரப்பில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், டிரைவர் கிளிப்பை மாட்ட மறந்துவிட்டான், வண்டியை இழுத்து வரத்தான் நாங்கள் மாட்டினோம், அவன் கவனக்குறைவு என்று. குடித்திருந்தாலும் இருப்பான் என்று வாயாலும் சொன்னார்களாம். நீ குடிப்பாய். ஞாயிற்றுக்கிழமை குடிப்பாய். அதை நான் யாரிடமும் மறைக்கப் போவதில்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில் அண்ணி கட்டிக் கொடுத்த பழைய சோறும் ஊறுகாயும்தான் உன் வயிற்றில் இருந்தது.

பதினாறாம் நாள் படத்திறப்பு வைத்தோம். முதலாளியே பந்தல் போட்டார். நாற்காலி, மைக் எல்லாம் அவர் செலவு. பன்னீர் தெளித்த மாலையை உன் படத்துக்குப் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். “ஒரு தேருக்கு அச்சாணி எப்படியோ, அப்படி எங்க மில்லுக்கு ஏழுமலை. வெளியில தெரியாது. ஆனா அவன் இல்லன்னா ஒண்ணும் ஓடாது” என்று தழுதழுத்தார். வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டார்கள். அந்த வாய்தான் ரெண்டு வாரம் முன்பு ஸ்டேஷனில், மறந்துட்டான் சார் என்று சொன்ன வாய்.

அச்சாணி என்பது மேடையில் பேசுகிற வார்த்தை. நீ கடையாணி என்பாய். ஸ்பேர் கடையில் லிஞ்ச் பின் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். எல்லாம் ஒன்றுதான், அந்தக் கிளிப்தான். சக்கரமோ டிரைலரோ கழன்று போகாமல் நுனியில் செருகி வைக்கிற சுண்டுவிரல் நீளத் துண்டு. நீ கேட்டபோது அதற்கு மதிப்பில்லை. வாங்கி மாட்டுவதற்கு நேரமில்லை. நீ செத்த பிறகு உனக்கே அந்தப் பெயரை வைத்து மாலை போடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த யாருக்காவது அது என்ன சாமான், எங்கே இருக்கும், தேய்ந்து போனால் என்ன ஆகும் என்று தெரியுமா? முதலாளிக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த வார்த்தையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வேறு எந்த வார்த்தையும் அவருக்குக் கிடைக்கவில்லையா?

நான் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வல்லத்து மாமா வந்து, “போனவன் திரும்பியா வரப் போறான்? பெரிய எடத்தப் பகைச்சிக்காத. உங்க அண்ணிக்கு மில்லுல கூட்டற வேலை தரேன்றாரு, அத்தக் கெடுத்துடாத” என்றார். எல்லாரும் அதையே சொன்னார்கள். ஆனால் நான் வாயைத் திறக்காததற்கு அது காரணமில்லை. வேறு ஒரு காரணம் இருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன். சொல்லத்தான் இந்தக் கடிதமே.

காரியம் முடிந்து நான் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். உன் டிராக்டரும் ஸ்டேஷனிலிருந்து வந்துவிட்டது. அனந்தபுரத்திலிருந்து ஒரு டிரைவரைப் போட்டார்கள். உன் வயது இருக்கும், தலை லேசாக நரைத்த ஆள், நல்ல மாதிரி. நான் உன் தங்கச்சி என்று அவருக்குத் தெரியாது. ஒருநாள் எடை பில் வாங்க ஜன்னல் பக்கம் வந்தவர், சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

“ஏம்மா, எனக்கு முன்னாடி ஓட்டுனவரு கடையாணி மாட்டாமலே ஓட்டுவாராமே? அப்டியா?”

“யாரு சொன்னாங்க?”

“சின்னவருதான் சொன்னாரு. ‘அவன மாதிரி அலட்சியமா இருக்காத, அவன் கவனமில்லாமதான் செத்தான்’னு. பாவம். பொண்டாட்டி புள்ளைங்கள நெனச்சுப் பாக்க வேணாம்?”

நான் பில்லைக் கிழித்துக் கொடுத்தேன். அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நல்ல மனதோடு உனக்காக உச்சுக் கொட்டிவிட்டுப் போனார். இனி அவர் இன்னொருவரிடம் சொல்வார். அவர் இன்னொருவரிடம். செஞ்சி சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் நீ, கடையாணி மாட்ட மறந்து செத்த ஒரு அலட்சியக்காரனாகி விடுவாய். பத்தொன்பது வருஷம் ஓட்டினாய். ஓர் ஆட்டுக்குட்டியின் மேல்கூட ஏற்றியதில்லை.

அன்று மத்தியானம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்கு அல்ல, உன் வீட்டுக்கு. அண்ணி ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, “அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். காட்டுனா நீங்க என்னைத் திட்டுவீங்க. பரவால்ல” என்றேன். போனில் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டேன். நீ போவதற்கு முந்தின நாள் அனுப்பியது. கூடவே ஒரு போட்டோவும் இருந்தது. முளையின் நுனியில் கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்றை வளைத்துச் செருகியிருந்தாய்.

உன் குரல் வந்தது.

“தேவகி, தோ போட்டோ அனுப்பியிருக்குறேன் பாரு. கடையாணி நிக்கவே மாட்டேங்குது. நானே ரெண்டு தபா வாங்கிப் போட்டேன், வுழுந்துடுச்சு. முளையில ஓட்ட தேஞ்சு பெருசாயிடுச்சும்மா. ஆணி வளைச்சு வச்சிருக்குறேன். சின்னவரு ஆபீஸுலதான இருக்குறாரு, சொல்லு. முளையோட மாத்திக் குடுக்கச் சொல்லு. எறக்கத்துல பயமா இருக்குது.”

அண்ணி அரிசியை விட்டுவிட்டாள். உன் குரலைக் கேட்டு அவளுக்கு அன்றோடு ஒன்றரை மாசம் ஆகியிருந்தது. இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. அடுத்த மெசேஜும் ஓடியது. அது என் குரல்.

“ணா, சொல்லிட்டேன். அறுப்பு முடியட்டும், இப்ப வண்டிய நிறுத்த முடியாதுன்றாரு. ஆணியவே நல்லா கெட்டியா வளைச்சு வுட்டுக்கச் சொல்றாரு. ரெண்டு நாளு அட்ஜஸ்ட் பண்ணிக்கணா. சும்மா சும்மா போய்ச் சொன்னா என்னைத்தான் கத்துறாரு. டென்ஷனா இருக்குது எனக்கு.”

அப்புறம் உன்னுடைய கடைசி மெசேஜ்.

“சரிம்மா, வுடு. நீ திட்டு வாங்காத. நான் பாத்துக்குறேன்.”

இதுதான் அண்ணா காரணம். அந்த போனைக் கொடுத்தால் முதலாளி மாட்டுவார். நானும் மாட்டுவேன். ஊர் முழுக்க என் குரலைக் கேட்கும். அட்ஜஸ்ட் பண்ணிக்கணா என்று உன்னை அனுப்பி வைத்தது யார் என்று கேட்கும். ஒன்றரை மாசம் அந்த போனைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். அழிக்கவும் முடியவில்லை, காட்டவும் முடியவில்லை. பேனரைப் பார்த்து, முதலாளியைப் பார்த்து, மெக்கானிக்கைப் பார்த்து குமட்டுகிறது என்று சொல்கிறேனே, அதில் பாதி என்மேல் வந்த அருவருப்புதான்.

அண்ணி இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். மூன்றையும் கேட்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இத்தினி நாளு இத்த வச்சிக்கினா என் வூட்ல ஒக்காந்து சாப்ட்ட?”

நான் தலையாட்டினேன். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். “பொடவ மாத்திக்கினு வரேன். ஸ்டேஷனுக்குப் போலாம்” என்றாள். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலியாக இருந்தும் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

ஸ்டேஷனில் புகார் எழுதுகிறவர் வயதானவர். மூன்று மெசேஜையும் பொறுமையாகக் கேட்டார். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். புது முளையையும் கிளிப்பையும் மில்லில் மாட்டியதை நான் பார்த்தேன் என்று சொன்னேன். ஆடு மேய்க்கிற அம்மா பார்த்ததையும் சொன்னேன்.

“யோசிச்சுக்கோம்மா” என்றார். “இத்தக் குடுத்தா உன் குரலும் கேஸுல சேந்துதான் வரும். நாளைக்கு அவங்க வக்கீலு உன்னத்தான் மொதல்ல கேப்பாரு. தங்கச்சி சொல்லித்தான போனாருன்னு.”

“கேக்கட்டும் சார்.”

“உனுக்கு மில்லுல வேல இருக்குமா?”

“இருக்காது சார். எழுதிக்குங்க.”

எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். போனை எடுத்து வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

ரெண்டு நாளில் முதலாளி உன் வீட்டுக்கே வந்தார். ஆப்பிள், சாத்துக்குடி, ஒரு பெரிய பை. நானும் இருந்தேன். என்னைப் பார்க்காமல் அண்ணியிடம் பேசினார்.

“இன்னாம்மா இது? ஏழுமலைய நான் எப்டி வச்சிருந்தேன்? ஊரைக் கூட்டி மரியாதை பண்ணலியா? யாரோ சொல்றத கேட்டுக்கினு கேஸுன்னு போறீங்களே.”

அண்ணி உட்காரச் சொல்லவில்லை. “அவரு பின்னு போட மறந்துட்டாருன்னு எழுதிக் குடுத்தீங்களே, அது பொய்யின்னு எழுதிக் குடுங்க. எனுக்கு அது போதும்” என்றாள்.

“அதெப்டிம்மா முடியும்?”

“அப்ப பழத்த எடுத்துக்கினு போங்க. இந்த வூட்ல யாருக்கும் ஜுரம் இல்ல.”

அவர் போகும்போது பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். அண்ணி தொடவில்லை. சாயங்காலம் வரைக்கும் இருந்தது. மாடு வந்து தின்றது.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். முதலில் ஒன்றும் தெரியாது என்றாராம். போட்டோவைக் காட்டியதும், “மாத்தச் சொன்னாங்க, மாத்துனேன்” என்று ஒப்புக்கொண்டார். இப்போது காகிதத்தில் உன் கவனக்குறைவு இல்லை. அந்த இடத்தில் முதலாளி பெயரும் சின்னவர் பெயரும் இருக்கின்றன. இருவரும் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு எப்போதும்போல் புல்லட்டிலும் காரிலும் போகிறார்கள். மில் ஓடுகிறது. என் வேலை போய்விட்டது. தாலுக்கா ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறேன்.

அனந்தபுரத்து டிரைவர் ஒருநாள் அந்தக் கடைக்கே வந்தார். விஷயம் அவருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. வாசலில் நின்றுகொண்டு, “அன்னிக்கி தெரியாமப் பேசிட்டேம்மா, மனசுல வச்சிக்காத” என்றார். நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. “நான் பாக்குற ஆளுங்ககிட்ட எல்லாம் இப்ப மாத்திச் சொல்றேன். அவரு நிறுத்தி எறங்கித்தான் பாத்திருக்காருன்னு” என்று சொல்லிவிட்டுப் போனார். உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவு நாளாகத் துடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி என்னோடு கேஸ் விஷயம் மட்டும் பேசுகிறாள். வக்கீல் எத்தனை மணிக்கு வரச் சொன்னார், எந்தக் காகிதம் வேண்டும், அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. முன்பெல்லாம் அதைத்தான் முதலில் கேட்பாள். நானாகவும் போய் சமாதானம் பேசவில்லை. மன்னித்துவிடு என்று உன்னிடமும் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ உடனே, சரிம்மா வுடு என்பாய். அந்த வார்த்தையை இன்னொரு தடவை உன் வாயிலிருந்து வாங்க எனக்குத் தைரியமில்லை.

ஒரு சத்தியம் மட்டும் செய்து தருகிறேன். கோர்ட்டில் அந்த மூன்று மெசேஜையும் எல்லார் எதிரிலும் போடுவார்களாம். ஒவ்வொன்றுக்கும், இது யார் குரல் என்று என்னைக் கேட்பார்களாம். வக்கீல் சொன்னார், நடுவில் வருவதை அந்தப் பக்கத்துக்காரர்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார்கள், அழுதுவிடாதே என்று. எத்தனை தடவை வேண்டுமானாலும் போடட்டும். அண்ணி முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்த்துக்கொண்டே சொல்வேன், அது என் குரல் என்று. நீ பயப்பட்டாய், கேட்டாய், நான் உன்னைப் போகச் சொன்னேன் என்று. ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன் அண்ணா.

உன் கூடப்பிறந்தவள்,
தேவகி
செஞ்சி